இடம் மாறிய குடும்பம்

ஆய்வு மாநாட்டுக்காகச் சுவிட்சர்லாந்துக்குப் போகிறேன் என்றதும் தைபேயில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் மலைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நான்கு நாள் இருந்தேன். ஒரு மலைகூட என் கண்ணில் படவில்லை. நவம்பர் மாதத்து மூடுபனி சோலோதுர்ன் நகரத்தின் மேல் ஈரத் துணியைப் போல விழுந்து கிடந்தது. ஹோட்டல் ஜன்னலிலிருந்து ஆற்றின் சத்தம் கேட்டது, ஆறு தெரியவில்லை. வரவேற்பில் இருந்த பெண், "இந்தப் பக்கம்தான் மலை" என்று சாம்பல் நிறச் சுவர் ஒன்றைக் காட்டுவதுபோல் கையை நீட்டினாள்.

நான் கரூர்க்காரி. ஆறு வருடமாகத் தைவானில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறைகள்தான் என் ஆராய்ச்சி. கீழே லேத் ஓடும், மேலே குடும்பம் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பட்டறையை நடத்துகிறவருக்குப் பெரிய வியாதி வந்தால் குடும்பம் என்ன ஆகிறது, தொழில் என்ன ஆகிறது என்பது கேள்வி. ஒவ்வொரு வருடமும் அதே குடும்பங்களிடம் போய் அதே கேள்விகளைக் கேட்போம். தைவானில் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. அதனால் வியாதி வந்தாலும் பட்டறை மூடுவதில்லை என்பது எங்கள் கட்டுரையின் முடிவு.

அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கரூரில் என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது எங்கள் வீட்டுத் தறிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசித் தறியை லாரியில் ஏற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. உலகத்தில் ஒரு ஊரிலாவது அப்படி நடக்காது என்று நிரூபிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆராய்ச்சிக்கு அந்த ஆசை நல்லதில்லை என்பது அப்போது தெரியவில்லை.

முதல் நாள் சாப்பாட்டில் மக்ரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிளறி, பக்கத்தில் ஆப்பிள் மசியல் வைத்தார்கள். உப்பையும் இனிப்பையும் ஒரே கரண்டியில் எடுக்க வேண்டுமாம். என்னோடு வந்திருந்த பேராசிரியர், என் மேலதிகாரி, இரண்டு தட்டு சாப்பிட்டார். நான் ஆப்பிளை மட்டும் தின்றுவிட்டு எழுந்தேன். பக்கத்து மேஜையில் ஜெர்மன்காரர் ஒருவர் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆசியத் தரவுகள் அழகாக இருக்கும். யாருமே பதில் சொல்ல மறுக்க மாட்டார்கள்." அவர் கேலி செய்கிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

மாநாட்டில் நான் கட்டுரை வாசிக்க வேண்டியது சனிக்கிழமை காலை. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் லுசேர்ணுக்குக் கிளம்பினேன். அங்கே மெய்ஹுய் இருந்தாள்.

மெய்ஹுய்யை எனக்குத் தைவானின் தாய்ச்சுங் நகரத்திலிருந்தே தெரியும். அவளுக்கு முப்பத்திநான்கு வயது. அப்பாவோடு சேர்ந்து திருகாணி செய்யும் பட்டறையை நடத்தினாள். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வருடம் அவர்கள் வீட்டுக்குக் கேள்வித்தாளோடு போனேன். பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. என் கட்டுரையில் எடுத்துக்காட்டாக வரும் குடும்பம் அதுதான், பெயர் இல்லாமல். மூன்றாம் வருடம் தொலைபேசி எடுக்கவில்லை. நேரில் போனபோது கதவில் வேறு பெயர்ப்பலகை. தாளில் ‘இடம் மாறினர்’ என்று குறித்துவிட்டு வந்தேன். அவளுடைய பழைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் போட்டேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘லுசேர்ணில் இருக்கிறேன். ஹோட்டல் தொழில் படிக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.’

பட்டறையை லாபத்துக்கு விற்றுவிட்டு ஐரோப்பாவில் படிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் ரயில் மாறி ஏறினேன்.

வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் எதிர் இருக்கையில் பள்ளிப் பைகளோடு இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ ஜெர்மனில் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி எட்டிக் கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்கள் தமிழோ?"

"ஆமாம்மா."

"எங்க போறீங்கள்?"

"லுசேர்ண்."

"ஐயோ, இது பீலுக்கெல்லோ போகுது!"

மற்றவள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்த்திசையில் இருக்கும் பீல் நகரத்தில் எல்லா அறிவிப்பும் ஜெர்மனில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை. இரண்டு மொழியிலும் எனக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் புரிந்தது. அந்தப் பெண்கள் என்னைச் சரியான பிளாட்பாரம் வரை கொண்டுவந்து விட்டார்கள். "இனி ஒல்டன் எண்டு வரும், அங்க மாறுங்கோ, நித்திரையாகிப் போயிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். தைபேயில் யாரும் இப்படி வழி தவறியவர்களை அதட்டுவதில்லை. அந்த அதட்டலில் எனக்கு ஊரே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பயணத்தில் நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

லுசேர்ணில் மெய்ஹுய் வேலை பழகும் ஹோட்டலின் பின்வாசலைக் கண்டுபிடித்தபோது நான்கு மணி. காய்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட தமிழர் ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும்.

"சுமதியோ? வாங்கோ தங்கச்சி. நான் அருளப்பு. இந்தக் குசினியில முப்பது வருசம். உங்கட மீனா இரண்டரையில இருந்து காத்துக்கொண்டு நிக்கிறா. ரெண்டு தரம் ஸ்டேஷனுக்கும் போட்டு வந்திட்டா."

"மீனாவா?"

"அவவின்ர பேர் என்ர வாயில வராது. மீனா எண்டு கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கிறா, பிறகென்ன."

மன்னாரிலிருந்து வந்தவர். மெய்ஹுய்க்குக் கத்தி பிடிக்கவும், சமையல்காரரிடம் திட்டு வாங்காமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது வயதாம். "இந்தப் பிள்ளை மட்டும் வேலை முடிஞ்சாலும் போகாது. நிலத்தைத் துடைச்சுக்கொண்டே நிக்கும்" என்றார்.

பணியாளர்கள் சாப்பிடும் அறை நிலத்தடியில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. மேலே சுற்றுலாப் பயணிகளுக்கு ஏரி. மெய்ஹுய் எழுந்து நின்று தலை குனிந்தாள். "லாவ்ஷி" என்றாள். சீன மொழியில் ஆசிரியருக்கான சொல். ஆராய்ச்சி செய்கிறவர்களையும் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மெலிந்திருந்தாள். புறங்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள்.

அருளப்பு அண்ணன் எனக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் வைத்துவிட்டு, "கதையுங்கோ, எனக்கு உங்கட பாஷை விளங்காது" என்று சொல்லிவிட்டு மூலையில் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்.

"அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"இறந்துவிட்டார், லாவ்ஷி. நீங்கள் இரண்டாவது தடவை வந்துவிட்டுப் போன பிறகு, அதே மாதம்."

அவள் அதை வரிசையாக, பதற்றமில்லாமல் சொன்னாள். நான் வந்துபோன மறுநாள் காலை அப்பா, இனிமேல் டயாலிசிஸுக்கு நீ கூட்டிக்கொண்டு போக வேண்டாம், நகராட்சி வண்டி வருகிறது, அதில் நானே போய்க்கொள்கிறேன் என்றாராம். அவளுக்கு நிம்மதி. அன்றைக்கு முழுவதும் மெஷினை நிறுத்தாமல் ஓட்டினாள். அவர் திங்கள், புதன், வெள்ளி வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினார். கால் வீங்கியது. உப்பு கூடிவிட்டது என்றார். மூச்சு வாங்கியது. மாடிப்படி என்றார்.

பன்னிரண்டாம் நாள் விழுந்தார். ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, அவர் ஒரு நாள்கூட டயாலிசிஸுக்குப் போகவில்லை. தன் தம்பி வீட்டுப் பக்கம் வேறு நிலையத்துக்கு மாறிக்கொள்வதாக டயாலிசிஸ் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். அந்த நேரமெல்லாம் எங்கே இருந்தார் என்று அவள் தேடினாள். பழைய சந்தைக்குப் பக்கத்துப் பூங்காவில் சதுரங்கம் ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்களாம். கையில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு.

அப்போது அவளுக்கு நன்றாகக் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் மாறவில்லை. "அந்த மாதம்தான் எங்களுடைய ஆர்டர் முதல் தடவையாக நேரத்துக்குப் போனது" என்றாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"தப்பு என்னுடையது, லாவ்ஷி. அன்றைக்கு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உன் வேலையை விட வேண்டியிருக்கிறது என்று. நான் அதிகமில்லை என்றேன். எண்ணாகச் சொல் என்றீர்கள். அப்பாவுக்கு மெஷின் சத்தத்தில் காது போய்விட்டது. ‘என்ன கேட்கிறார்?’ என்றார். நான் அவர் காதில் உங்கள் கேள்வியைக் கத்திச் சொன்னேன். அவர்தான் விரல் விட்டு எண்ணினார். போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு. மூன்று நாள். பதினெட்டு என்றார். அதுவரை அவர் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. நான் கத்தியிருக்கக் கூடாது."

எனக்கு அந்த மத்தியானம் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அந்தக் கேள்வியைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், நோயாளி கேட்கும்படி கேட்கக் கூடாது. நான் அவளைத் தனியே கூப்பிடவில்லை. பட்டறையில் லேத் இரைந்துகொண்டிருந்தது. வெளியே மழை. இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி. தேநீர் ஆறிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையிலேயே இருவரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். ‘தனியாகக் கேட்கப்பட்டதா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்தேன்.

அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தப்பு உன்னுடையது இல்லை என்று ஒரு வாக்கியம்.

"நீங்கள் அன்றைக்குப் பேச்சைப் பதிவு செய்தீர்கள் அல்லவா?" என்றாள். "என்னிடம் அப்பாவின் படம் இருக்கிறது. குரல் இல்லை. பழைய தொலைபேசி கெட்டுப்போய்விட்டது. அந்தப் பதிவில் அவர் கொஞ்சம் பேசியிருப்பார். அதைக் கேட்கத்தான் உங்களை வரச் சொன்னேன்."

பதிவுகளை எழுத்தாக்கி முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தேன். அழித்துவிட்டு, அழித்தேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அருளப்பு அண்ணன் மூலையிலிருந்து, "என்ன, பிள்ளை சிரிக்கிறா! நல்ல செய்தியோ?" என்றார். மெய்ஹுய் வேலைக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு படியேறினாள்.

சாயங்கால ரயிலில் மடிக்கணினியைத் திறந்து அந்த வீட்டின் எழுத்தாக்கத்தைப் படித்தேன். அவளுடைய அப்பா பேசியது நான்கே வரி. ‘தேநீர் குடியுங்கள்.’ ‘மெஷின் சத்தத்துக்கு மன்னிக்கவும்.’ ‘என்ன கேட்கிறார்?’ நான்காவது: ‘பதினெட்டு. அவ்வளவா?’

அந்த ‘அவ்வளவா’வைத் தட்டச்சு செய்தவள் நான். தட்டச்சு செய்தபோது கண்ணிலேயே படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பதினெட்டு மட்டும்தான்.

சனிக்கிழமை காலை உணவில் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு, "எத்தனையோ குடும்பங்களில் ஒரு குடும்பம், சுமதி. இன்றைக்கு இருப்பதை வாசி. தைபேக்குப் போய்த் திருத்துவோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்" என்றார்.

வாசித்தேன். மரப் பலகைகள் பதித்த பழைய கூடம், வெளியே அதே பனி. மெய்ஹுய்யின் குடும்பத்தைச் சொல்லும் பக்கம் திரையில் வந்தபோது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதுதான் பயங்கரம். கடைசியில் அந்த ஜெர்மன்காரர் கையைத் தூக்கினார். "ஆய்விலிருந்து பாதியில் விலகிய குடும்பங்கள் என்ன ஆயின?"

அப்படி விலகிய ஒரு குடும்பத்தில் அப்பா இறந்து பட்டறையும் கை மாறிவிட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவள் நான். "பெரும்பாலும் இடம் மாறியவர்கள். விலகலுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். கை தட்டினார்கள். ஒரு பெண்மணி வந்து, இப்படி நம்பிக்கை தரும் முடிவுகள் இப்போதெல்லாம் அபூர்வம் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடை ஒன்றும் திறக்கவில்லை. தாய்ச்சுங்கில் ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை நிறையும். இங்கே காலடிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஹோட்டல் தாள் ஒன்றில் அந்த நான்கு வரிகளையும் சீன எழுத்தில் கையால் எழுதிக்கொண்டு மறுபடி லுசேர்ணுக்குப் போனேன். இந்தத் தடவை சரியான ரயில்.

பின்வாசலில் அருளப்பு அண்ணன்தான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மெய்ஹுய்யைக் கூட்டிக்கொண்டு வந்தார். மத்தியானக் கூட்டம் தொடங்க அரைமணி இருந்தது. காய்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். பதிவு இல்லை, நானே அழித்துவிட்டேன். நேற்று முன்தினம் சொன்னது பொய். அந்தக் கேள்வியை உன்னிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், அதுதான் விதி, நான் கேட்கவில்லை, கேட்டதாகக் குறித்தேன்.

அவள் பார்வை என் முகத்தில் இல்லை, என் கோட்டுப் பொத்தானில் இருந்தது.

"அப்படியென்றால் நான் கத்தியிருக்கவே வேண்டியதில்லை."

"இல்லை."

"அவர் அந்த எண்ணைக் கேட்டிருக்கவே மாட்டார்."

"மாட்டார்."

"ஒன்றரை வருடமாக அதை நான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

மன்னித்துவிடு என்று சீன மொழியில் சொன்னேன். அந்த மொழியில் மன்னிப்புக்குப் பல சொற்கள் உண்டு, பெரியதும் சிறியதுமாக. எனக்குத் தெரிந்த பெரிய சொல்லைச் சொன்னேன். தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். நான்காவது வரியில் அவள் கண் நின்றது. பிறகு தாளை நான்காக மடித்துச் சமையல் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் போங்கள். இனி எழுத வேண்டாம்" என்றாள். முதல் தடவையாக ‘லாவ்ஷி’ என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அருளப்பு அண்ணன் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். வழியில் அவரிடமும் தமிழில் ஒரு தடவை சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"என்ர மனுசிக்கும் இப்ப ரெண்டு வருசமா ஏலாது" என்றார். "நான் இடைக்கிடை வேலையை விட்டிட்டுப் போய்ப் பாக்கிறன். எவ்வளவு நேரம் எண்டு அவவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை." பேருந்து வந்தது. "அந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்ளுறன். நீங்கள் யோசிக்காமல் போங்கோ." ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாக ஹோட்டலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

தைபேக்கு வந்த வாரமே ஆய்வு நெறிக்குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஒரு கடிதம் வந்தது. எச்சரிக்கை, ஒரு நாள் பயிற்சி வகுப்பு. அந்தப் பேட்டி செல்லாது என்பதால் அந்தக் குடும்பத்தை ஆய்விலிருந்து நீக்கிவிடும்படி உத்தரவு. ஜெர்மன்காரருக்கும் என் பதில் தவறு என்று எழுதினேன். நேர்மைக்கு நன்றி என்று ஒரு வரி அனுப்பினார்.

தரவுகளில் மெய்ஹுய் குடும்பத்தின் வரிசையை அழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். பேராசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். திரையில் அட்டவணை வந்தது. புள்ளிக்குப் பிறகு மூன்றாம் இடத்தில்கூட ஒரு எண் மாறவில்லை. "பார், கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான். ஒரு குடும்பத்தை எடுத்ததும் அசைந்துவிடுகிற முடிவு நல்ல முடிவே இல்லை என்று வருடா வருடம் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறவள் நான்.